ஹங்கேரிக்காரர் என் பாட்டை விட்டுவிட்ட கதை

2007 மார்ச்சில் ஷார்ஜா முவைலாவிலிருந்து அபுதாபிக்குப் போய் ஒரு ஹங்கேரி இசையமைப்பாளரின் கச்சேரி கேட்டுவிட்டு வந்தேன். சினிமாவுக்குப் போடுகிறவர் இல்லை. கோட்டு போட்டவர்கள் வயலினும் செல்லோவும் வாசிப்பார்களே, அந்த வகை. உமக்கென்ன அங்கே வேலை என்பீர்கள். அதில் என் குரல் இருக்கிறது என்று ஒரு வருஷமாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் அந்த மனுஷர் எங்கள் லேபர் கேம்ப்புக்கே வந்தார். அவர் ஊர்ப் பெரிய வித்வான்கள் ஒரு காலத்தில் ரெக்கார்டிங் மெஷினைச் சுமந்துகொண்டு பட்டிக்காடு பட்டிக்காடாகப் பாட்டுப் பிடித்தவர்களாம். இவரும் அந்த வழி. அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் மணிச் சத்தத்தை வைத்து முதல் பாட்டைக் கட்டியபோது இவருக்கு வயது ஏழு. (ஐந்து என்றும் வைத்துக்கொள்ளலாம்.) அப்புறம் சந்தைக் கூச்சலை வைத்து நாலு வயலினுக்கு ஒன்று, ஆஸ்பத்திரி வராந்தாவை வைத்து ஒரு ஓபரா. இவர் உள்ளே வந்தால் அந்த நாட்டு மந்திரியே எழுந்து நிற்பாராம்.

என் கட்டிலில் உட்கார்ந்து மைக்கை நீட்டினார். ஏற்றப்பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, மூன்றும் பாடினேன். அவர் கண்ணில் தண்ணீர். கூட்டி வந்த மலையாளி டிரைவரும் அழுதார். வெளி வராந்தாவில் என் ரூம்மேட் முருகேசன் ஊருக்குப் போனில் கத்திக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தினேன். புழுக்கமோ என்னவோ, ஹங்கேரிக்காரர் எழுந்து போய்த் திறந்து வைத்தார்.

என் சகலை சுந்தரம் அபுதாபியில் அக்கவுண்டன்ட். "சகல, அளக்குறதுக்கு ஒரு எல்லை வேணாமா?" என்று வீட்டார் எதிரிலேயே சிரித்தார். அன்றைக்கே முடிவு செய்தேன், இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து என் குரலைக் கேட்க வைப்பதென்று. டிக்கெட் ஒன்று நூறு திர்ஹாம், இரண்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஷார்ஜாவில் ஷேர் டாக்ஸி. ஆளுக்கு முப்பது திர்ஹாம், நூற்று எழுபது கிலோமீட்டர். டிரைவர் பாகிஸ்தான் பட்டாணியர். "கோட்டெல்லாம் போட்டு எங்கே பாய், கல்யாணமா?" என்றார் இந்தியில். "கச்சேரி. நான் பாடினது" என்றேன். "அச்சா, அப்போ பாடு." ஜெபல் அலி தாண்டும்வரை பாடினேன். "கலாஸ் பாய், போதும், கலாஸ்" என்று ரேடியோவைத் திருகிவிட்டார். சங்கீத ஞானம் எல்லாருக்கும் அமையாது.

எட்டு மணிக்கு ஆரம்பம். ஏசி எலும்பைத் துளைத்தது. இருபது நிமிஷமாகியும் ஏற்றமும் இல்லை, தெம்மாங்கும் இல்லை. சகலை காதோரம் குனிந்து, "இன்னும் நீங்க வரலையா?" என்றார். "பேசாம கேளுங்க" என்றேன். அப்போது செல்லோ தனியாக ஒரு இழுப்பு இழுத்து மேலே ஏறி நின்றது. அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி அதே இழுப்பு, இன்னும் அழுத்தி. மறுபடி சத்தமில்லை. எங்கேயோ கேட்ட இழுப்பு. "ஹலோ... கேக்குதா? ஹலோ... கேக்குதா?" அச்சு அசல் முருகேசன். கடைசி வரைக்கும் எந்த வாத்தியமும் பதில் கொடுக்கவில்லை. அப்படியே முடிந்துவிட்டது. ஜனம் எழுந்து நின்று தட்டியது.

வெளியே ஹங்கேரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தார். அவர் இங்கிலீஷைச் சகலைதான் தமிழில் சொன்னார்: "வராந்தால போன் பேசினாரே, அவர் வரலையாங்குறார்."

"என் பாட்டு என்னாச்சுன்னு கேளுங்க."

"ரொம்ப நல்லா இருந்துச்சாம்." சகலை அதோடு நிறுத்திக்கொண்டார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

முருகேசன் இப்போது கத்தாரில், ராஸ் லஃபானில். வாசலில் நின்றே அவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நானாண்ணே? அன்னிக்கு லைனே கெடைக்கலண்ணே. அப்பாவை ஆஸ்பத்திரில போட்டிருந்தாங்க, சும்மா கத்திக்கிட்டே இருந்தேன்."

அவன் அப்பா மறுநாள் தவறியது எனக்குத் தெரியும். கடைசியாக ஒரு வார்த்தை பேசிவிட்டான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"ஏண்ணே, அந்த வாசிப்புல யாராச்சும் பதில் சொன்னாங்களா?"

"சொல்லாம? ஒரு வயலின் சொல்லிச்சுடா. கேக்குதுப்பா, நல்லா கேக்குதுன்னு."

பெரிய வித்வான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தன் கத்தி பதில் வராமல் போனதற்கு ஆயிரம் பேர் எழுந்து நின்று கை தட்டுவதை நான் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு: சால்வை அவசியம். பதினொரு மணிக்கு மேல் ஷேர் டாக்ஸிக்கு ஆள் சேராது, தனியாக நூற்றைம்பது கேட்பான். சகலையோடு போகாதீர்கள். இந்தக் கச்சேரி சிடியாகவும் வந்திருக்கிறது, நாற்பத்தைந்து திர்ஹாம். முருகேசன் வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். கடையில் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கத்தாரில் இருப்பவர்கள் தயவுசெய்து அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.