நாலு தேசிக்காயும் நகரசபை வண்டியும்

ஜெர்மன் பேசுகிற இந்த ஊரில், எங்கள் நகரசபைக்குச் சொந்தமான ஐஸ் ஹொக்கி மண்டபத்தில் இருபது வருடங்களுக்கு மேலாக ஐஸ் போடுகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கழிவறை கழுவத்தான் என்னை எடுத்தார்கள். ஐஸைச் சீவிச் சுடுதண்ணீர் விட்டு மட்டமாக்குகிற வண்டியைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டேன். தண்ணீரை உறையவைக்க எந்தக் குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏலும். சுடுதண்ணீரை மெல்லிய படையாக விட்டுக் கண்ணாடி மாதிரி இழுத்தெடுக்க இந்த நகரத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். அது யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு விளையாட்டுத் திணைக்களத்துக்குப் புதிய அதிகாரி ஒருவர் வந்தார். ஒரு திருகாணியைக்கூடத் திருகியறியாத விரல்கள். நகரசபை புதிய மின்சார ஐஸ் வண்டி வாங்கியதும் முதல் வேலையாக விதி எழுதினார்: எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணினவர்தான் அதை ஓட்டலாம். பருவத்தின் முதல் போட்டியன்று சாவியை ஒப்படைக்கவேண்டும் என்று எனக்குக் கடிதம் வந்தது. அதன் பிறகு எனக்குப் பழையபடி கழிவறைதான்.

கடிதத்தை வாசித்துக் காட்டிய மனைவி, ஒருக்கா எழுதித்தான் பாருங்கோவன் என்றாள். ஜெர்மன் எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஐஸ் தாளில உறையாது" என்றேன்.

"நீங்கள் எழுதினா அந்தத் தாளே உறைஞ்சுபோம்" என்றாள்.

போட்டியன்று காலையில் சாப்பாட்டுப் பையில் நாலு எலுமிச்சம்பழம், எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்துத் தந்தாள். "சாவி ஆரிட்டப் போனாலும் போகட்டும். புது வண்டியைச் சும்மா எடுக்கக்கூடாது. சில்லுக்குக் கீழ வையுங்கோ."

பத்திரிகைக்காரர் படம் எடுப்பதற்காக வண்டியை ஐஸின் நடுவட்டத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காயாக வைத்தேன். போட்டி முடிந்த பிறகுதான் சாவி கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். பின்னேரம் மண்டபம் நிறைந்ததும் அதிகாரி என் முன்னால் கையை நீட்டினார். பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுத்தவராம். கோட்டும் சூட்டுமாக ஏறி உட்கார்ந்து, கமராவுக்குச் சிரித்துவிட்டு, தண்ணீரைத் திறந்து வண்டியை நகர்த்தினார்.

காலையிலிருந்து ஐஸில் கிடந்து கல்லாகிப்போன தேசிக்காய்கள் நாலும் வெடி போல வெடித்தன.

வழமையில்லாத சத்தம் கேட்டால் உடனே நிறுத்து என்று அவருடைய விதிப்புத்தகத்தில் இருக்கிறது. நிறுத்தினார். தண்ணீரை மூடவில்லை. சுடுதண்ணீர் ஓட ஓட ஒரே இடத்தில் வண்டியை நிறுத்துவதை ஐஸ் போடுகிறவன் நித்திரையில்கூடச் செய்யமாட்டான். தண்ணீரை மூடச் சொல்லி நான் வேலியருகே நின்று கத்தினேன். பொறு என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு, இறங்கி வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பியபோது அவருடைய பளபளக்கும் சப்பாத்து குளத்துக்குள் நின்றது. ஐஸில் அண்டா அளவு குழி, அடியில் சீமெந்து தெரிகிறது. சனம் விசிலடிக்கத் தொடங்கியது.

வாளியோடு உள்ளே போனேன். சீவின பனியைக் குழியில் போட்டு, பச்சைத் தண்ணீர் தெளித்து, வெறுங்கையால் அழுத்தி, படைபடையாக ஏற்றினேன். முக்கால் மணி நேரம். பரீட்சை எழுதினவர் பக்கத்தில் நின்று மணிக்கூடு பார்த்தார்.

முடிந்ததும் சாவியை நீட்டினார். பிறகுதான் அது என்ன சத்தம் என்று கேட்டார். தேசிக்காய், நான்தான் வைத்தேன், புது வண்டிக்கு எங்கள் ஆட்கள் வைக்கிறது என்றேன். நான் ஏன் மறைக்கவேண்டும்? தேசிக்காய் ஐஸை உருக்காது. அவர் அதையும் கவனமாக எழுதிக்கொண்டார். நான் ஏறி ஓட்டினேன். போட்டி நடந்தது.

விதியை மாற்றுகிற தைரியம் அவருக்கு வரவில்லை; கூட ஒரு வரி சேர்த்தார். பரீட்சை இல்லாதவர் பாஸ் பண்ணினவரின் கண்காணிப்பில் ஓட்டலாமாம். பாஸ் பண்ணினவர் நகரத்திலேயே அவர் ஒருவர்தான். இன்னொரு வரியும் உண்டு: சில்லுகளுக்குக் கீழே பழங்கள் வைக்கக்கூடாது. மனைவி அதை வாசித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பேர் போடாமல் உங்களைப் பற்றி எழுதிப்போட்டாங்கள்" என்றாள்.

இப்போது ஒவ்வொரு போட்டிக்கும் அந்தக் குளிரில் வேலியருகே குறிப்புப் புத்தகத்தோடு நிற்கிறார், மூக்குச் சிவந்து. நான் அவரைத் தாண்டி ஓட்டும்போது தண்ணீரை மூடுவதுமில்லை, வண்டியை நிறுத்துவதுமில்லை.