இத்தாலியில் ஒரு பத்தியம்

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். என் மகளுக்கு இத்தாலியில் நடந்தது. மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். வாதம் வந்து கட்டிலோடு கிடக்கும் கணவரை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை.

குழந்தை பிறந்த அதே வாரம் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பிள்ளை பெற்றவள் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். பச்சை உடம்புக்குக் குளிர்ச்சி ஆகுமா! மகளிடம் சொன்னால், டாக்டரே சாப்பிடச் சொன்னார் என்கிறாள். சரி, சமைத்துப் போடுகிற சம்பந்தியம்மாளிடமே நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அவர்கள் பாஷை வேண்டும்.

எலவனாசூர்கோட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில்தான் என் படிப்பு. கணவரைத் துடைத்து, உப்பில்லாத கஞ்சியை ஊட்டி, சண்டை போட்டு மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு ஏறும்போதே கண் சொருகும். அந்தக் கண்ணோடு, கைப்பேசியில் இத்தாலிப் பாடம் போட்டு, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, ‘சோனோ வெஜெதாரியானா’ என்று முணுமுணுத்தேன். நான் சைவம் என்று அர்த்தமாம். நானா சைவம்! கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது, பாலாடைக்கட்டி வேண்டாம் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பச்சை உடம்பு, குளிர்ச்சி, வாயு, கரப்பான், இவை எதற்கும் அங்கே வார்த்தை இல்லை. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றினேன். ‘நொன் புவோ மஞ்ஜாரே’, அவள் சாப்பிடக் கூடாது. இதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக மாட்டினேன்: ஐஸ்கிரீம், பூசணி, கத்திரிக்காய், தக்காளி. தக்காளியை எடுத்துவிட்டால் அங்கே என்னத்தைச் சமைப்பார்கள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பேசினோம். மகள் குழந்தையோடு ஒரு ஓரத்தில் இருந்தாள். மடித்துப்போடாத துணிமூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கடைசிவரை கேட்டாள். பிறகு நிதானமாக ஏதோ கேட்டாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

மகள்தான் சொன்னாள். “சாப்புடக் கூடாதது எல்லாம் அவங்களுக்குப் புரிஞ்சிச்சாம், அம்மா. எனக்கு இன்னா புடிக்கும்னு கேக்கறாங்க.”

இத்தாலி வார்த்தை இருக்கட்டும், தமிழிலேயே எனக்கு அது தெரியவில்லை. அவள் விடுதிக்குப் படிக்கப் போனது, வேலைக்குப் போனது, கடல் தாண்டியது எல்லாம் ஞாபகம் வந்தது. என் பெண் எதை ஆசையாகச் சாப்பிடுவாள் என்பது மட்டும் வரவில்லை. இந்த வீட்டில் வேண்டாம், கூடாது என்றே சொல்லிச் சொல்லி எனக்கு அது விட்டுப்போயிருந்தது. அது வலித்தது.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. கோணிய வாயால் கணவர் ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிச் சொன்னார்.

“பூண்டு ரசம். ஜாஸ்தி மொளகு போட்டு.”

மகள் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமியாருக்கு விளக்கினாள். அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய் ஒரு பூண்டை எடுத்து வந்து கேமராவுக்கு நேராகக் காட்டி, இதுவா என்பதுபோல் பார்த்தாள்.

“ஸி” என்றேன். இத்தனை நாள் படிப்பில் நான் சொன்ன முதல் ஆமாம் அதுதான்.