மூன்று கேள்விக்கு அப்புறம்தான் தம்ளர்

விருந்து மண்டபத்தின் பக்கவாட்டுக் கேட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை. அடுப்பில் மூன்று பாத்திரங்கள். ஒன்றில் சீரகம், ஒன்றில் இஞ்சி, ஒன்றில் ஓமம் கொதிக்கும். பந்தி எழுந்ததும் ஜனம் கையைக் கழுவிவிட்டு நேரே இங்கேதான் வரும். பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி பின்னால் சாய்ந்து நடந்து வரும்.

கடைக்காரிக்கு அந்த வட்டாரத்தில் பெயர் ‘மூணு கேள்வி அக்கா’. கேள்விக்குப் பதில் வராமல் தம்ளரைத் தொடமாட்டாள்.

“எப்பச் சாப்பிட்டீங்க? ஏப்பம் வந்துச்சா? எங்கே வலிக்குது, தொட்டுக் காட்டுங்க.”

“என்னக்கா, வெந்நீர் குடிக்கக்கூடப் பரீட்சையா?”

“உள்ளே போட்டதையெல்லாம் ஒரு கேள்வி கேக்காம தள்ளினீங்கல்ல? அந்தக் கேள்விதான் இங்கே வந்து நிக்குது.”

வெறும் உப்புசம் என்றால் சீரகம். குமட்டினால் இஞ்சி. காற்றுப் பிரியாமல் வயிறு கல்லாகக் கிடந்தால் ஓமம். கூடவே அறிவுரை இலவசம்: “வீட்டுக்குப் போனதும் கட்டையைச் சாய்ச்சுடாதீங்க. மெதுவா நடங்க. படுத்தே ஆகணும்னா இடது பக்கமாப் படுங்க. பசிச்சாத்தான் அடுத்த வேளை.”

சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போவார்கள். அவள் கேள்வி கேட்கும்போது கண் முழுக்க எதிரில் நிற்பவரின் நெற்றியில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் இதே மண்டபத்தில் பாத்திரம் கழுவினாள். புருஷன் நாற்காலி அடுக்குபவன். ஒருநாள் முதலாளி வீட்டு விருந்து. வேலைக்காரர்களுக்கும் அன்று பந்தியிலேயே சாப்பாடு. அவன் கழுத்து முட்டச் சாப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்றான். “வாயைக் கட்டத் தெரியலை, இப்ப நெஞ்சைப் பிடிக்கிறியா?” என்று திட்டிக்கொண்டே இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். முதுகைத் தடவினாள். பின்கட்டில் கைத்தாங்கலாக நடக்கவைத்தாள். மூன்றாவது சுற்றில் அவன் உட்கார்ந்தான். அப்புறம் எழவில்லை.

“வலி வந்து எவ்வளவு நேரம் ஆச்சு?” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

“ரெண்டு மணி நேரம் இருக்கும். வாயுன்னு நெனச்சேன்.”

அவர் அவளைத் திட்டவில்லை. நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ இழுக்கும் வலி, குளிர்ந்த வேர்வை, இதில் எது இருந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காதே, வண்டியைக் கூப்பிடு என்று மட்டும் சொன்னார். திட்டியது அவள் அண்ணன், பூட்டு ரிப்பேர்க்காரர். சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால்: “இஞ்சித் தண்ணி குடுத்தே ஆளை முடிச்சுட்டியே!”

அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு அறுந்தது. யார் துக்கம் கேட்டாலும் அவள் ஒரே பதில் சொன்னாள்: “எங்கே கொண்டு போயிருந்தாலும் போயிருப்பார். விதி முடிஞ்சுருச்சு.” அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஆறு வருஷம் ஓடியது.

போன மாதம் ஒரு மதியம், மூன்றாம் பந்தி முடிந்த நெரிசலில், அண்ணன் அவள் கடை முன்னால் வந்து நின்றார்.

“இஞ்சித் தண்ணி ஒண்ணு,” என்றார். அவர் முகம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதே இஞ்சித் தண்ணீரை, அவள் கையாலேயே கேட்கிறார். அவருக்கு அதற்குமேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். கேள்வி கேட்காமலே கை தம்ளருக்குப் போய்விட்டது. பழக்கத்தில் கண் மட்டும் நெற்றிக்குப் போனது. சட்டைக் காலர் நனைந்திருந்தது. பல்வலிக்காரர் மாதிரி தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

“அண்ணே, இது வயிறு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“ரெண்டு கை கூடச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். ஊத்து.”

“மாட்டேன்.”

“ஊருக்கெல்லாம் ஊத்துறே, எனக்கு இல்லையா? சரிதான். ஆறு வருஷம் காத்திருந்து கழுத்தை அறுக்குறே.”

“பெரியவர் பாவம்க்கா, ஒரு தம்ளர் குடுங்களேன்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் திரும்பி நடந்தார். நாலு எட்டில் தடுமாறினார். அவள் அடுப்பை அப்படியே விட்டு ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தாள்.

“அன்னைக்கு என்ன சொன்னே? இஞ்சித் தண்ணி குடுத்தே முடிச்சுட்டேன்னு. ஆமா, முடிச்சேன். இதே கையாலதான். இன்னொரு தரம் ஊத்தச் சொல்றியா? சொல்லுண்ணே!”

அண்ணன் அவள் கையையே பார்த்தார். பிறகு வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

அதே ஆஸ்பத்திரியில், இருட்டுவதற்குள் இளம் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். அடைப்பை எடுத்துவிட்டோம், பிழைத்துக்கொண்டார், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். அவள் கும்பிட்டாள். ஆனாலும் கேட்டாள்.

“இதே வைத்தியம் ஆறு வருஷத்துக்கு முன்னாடி இங்கே இருந்துச்சா சார்?”

“பத்து வருஷமா இருக்கும்மா,” என்றார் அவர், பெருமையாக.

உள்ளே அண்ணன் கண்ணைத் திறந்தார். “தங்கச்சி, நான் அன்னைக்குச் சொன்னதை மனசுல வெச்சுக்காதே. அவனை எங்கே கொண்டு போயிருந்தாலும் போயிருப்பான்.”

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். “பேசாதேண்ணே. பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

மறுநாள் காலை கடைக்கு வந்தாள். யாரோ அடுப்பை அணைத்திருந்தார்கள். அதற்குள் இஞ்சிப் பாத்திரம் நீர் வற்றி, அடி கருகிப்போயிருந்தது. குழாயடியில் உட்கார்ந்து மதியம்வரை தேய்த்தாள். கறுப்பு கொஞ்சம் போனது, மீதி போகவில்லை. முதல் பந்தி எழுந்தது.

“அக்கா, இஞ்சி இருக்கா?”

“இஞ்சி இல்லை. இனிமே இந்தக் கடையில சீரகமும் ஓமமும்தான்.” பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து, வந்தவரின் நெற்றியைப் பார்த்தாள். “எப்பச் சாப்பிட்டீங்க?”