நானாவின் கையில் கிடந்த மணிக்கூடு

பிள்ளைகளே, நீங்கள் வாங்கித் தந்த ஸ்மார்ட் மணிக்கூட்டை நான் ஏன் கட்டுவதில்லை என்று மூத்தவள் போனில் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். சின்னவன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அலுமாரியைத் திறந்து, அது கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு மூடினான். வாயால் சொல்லப் போனால் எனக்குக் கோபம் வந்து பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு மனிதனின் நெஞ்சைப் பற்றிய விசயம். அந்த நெஞ்சு என்னுடையது அல்ல.

எனக்கு இரத்தத்தில் சீனி கூடிப்போயிற்று என்று கிளினிக்கில் சொன்ன மாதம் அந்த மணிக்கூடு வந்தது. மூத்தவள் கொழும்பில் இருந்து கொண்டுவந்து, லிங்கநகர் வீட்டு விறாந்தையில் என்னைக் கதிரையில் இருத்தி, என் பெயர், பிறந்த திகதி, உயரம், நிறை எல்லாம் அதற்குள் ஏற்றினாள். என் போனோடு இணைத்தாள். தன் போனோடும் இணைத்தாள். "இனி உங்கட நெஞ்சு எப்பிடி அடிக்குதெண்டு நான் கொழும்பில இருந்தே பாப்பன் அப்பா" என்றாள். அன்றைக்கு அது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

சந்தோசம் நாலு நாள் நின்றது. புட்டை வாயில் வைக்கும்போது கையில் அது அதிரும், எழும்பி நடக்கச் சொல்லும். விடிய எழும்பினால் என் நித்திரைக்குப் புள்ளி போட்டு வைத்திருக்கும். பத்தாம் வகுப்போடு பரீட்சையை விட்டவன் நான். இந்த வயதில் படுக்கைக்கும் புள்ளியா? உங்கள் அம்மா வேறு, ஒவ்வொரு நாளும் எத்தனை புள்ளி என்று கேட்டுச் சிரிப்பா.

அதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது வேறு. ஒரு நாள் துறைமுகத்துக்கு இரண்டு கப்பல் வந்தது. என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் ஒரு நாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. கப்பலில் இருந்து இறக்குகிற தடித்த கயிற்றை நாங்கள் கீழே லாஞ்ச் படகில் நின்று வாங்கி, இழுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய், அங்கே இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். தண்ணீர் குடித்த கயிறு பிணம் மாதிரிக் கனக்கும். அன்றைக்கு எனக்குத் தோள் இரண்டும் கழன்ற மாதிரி இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து பார்த்தால், இன்று நீங்கள் அதிக நேரம் இருந்தபடியே கழித்துவிட்டீர்கள் என்று அந்தச் சாமான் சொல்லுகிறது. கழற்றிக் கட்டிலில் எறிந்தேன். என் உழைப்பைப் பார்த்து ஒரு முதலாளிகூட அப்படிச் சொன்னதில்லை.

அது ஏன் அப்படிச் சொன்னது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபக்காரனுக்கு யோசிக்க எங்கே நேரம்?

எங்கள் லாஞ்சில் ஒரு வழக்கம் இருக்கிறது. கயிறு பிடிக்கிறவன் கையில் மணிக்கூடு, மோதிரம், நூல் எதுவும் இருக்கக் கூடாது. என் கண்ணுக்கு முன்னால் ஒருவரின் விரல் மோதிரத்தோடு போயிருக்கிறது. ஆகவே லாஞ்ச் வெளிக்கிட முதல் கயிற்றுக்காரர் நாலு பேரும் எல்லாவற்றையும் கழற்றிச் சுக்கான் பிடிக்கிறவரிடம் கொடுப்போம். அவர் கயிற்றைத் தொடுவதில்லை, பின்னால் இருந்தபடி லாஞ்சை ஓட்டுவார். மோதிரங்களைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். மணிக்கூடுகளைத் தன் இடது கையில் வரிசையாகக் கட்டிக்கொள்வார். சும்மா வைத்தால் கடலுக்குள் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. போன்களும் அவர் காலடியில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். கிண்ணியாவில் இருந்து பாலத்தைக் கடந்து மோட்டார்சைக்கிளில் வருகிறவர். என்னைவிட ஆறு வயது மூப்பு. அண்ணன் முறையில் நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கை நிறைய மணிக்கூட்டோடு இருக்கிற அவரைப் பார்த்து, நகைக்கடை திறந்தாச்சோ என்று பகிடி பண்ணுவோம். கடனுக்கு இல்லை என்பார்.

பதினாலு வருசமாக இப்படிக் கொடுத்து வாங்கியதில், கொடுப்பது கழற்றுவதாகவே எனக்குத் தெரியவில்லை. அதோடு இன்னொரு மடைத்தனமும் இருந்தது. என் பெயரையும் பிறந்த திகதியையும் அதற்குள் ஏற்றியிருக்கிறார்கள், ஆகவே அது எங்கே இருந்தாலும் என்னைத்தான் அளக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு மூத்தவளின் போன் தொடங்கியது. அப்பா, இருந்தபடி இருக்கும்போது உங்கள் நெஞ்சு ஓடுகிறவனுடையது போல அடிக்கிறது, அடிப்பும் ஒழுங்கில்லை, டொக்டரிடம் போங்கள் என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்றேன். அடுத்த நாளும் எடுத்தாள். மூன்றாம் முறை அழுதாள். ஒரு நாள் லீவு போட்டு ஓர்ஸ் ஹில் பக்கம் ஒரு டொக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார். நெஞ்சு நல்லாக இருக்கிறது, சீனியை மட்டும் கவனியுங்கள் என்று அனுப்பினார். வெளியே வந்து, எங்கள் ஊர் றோட்டில் எப்போதும் படுத்திருக்கும் மான்களுக்குப் பக்கத்தில் நின்று மூத்தவளுக்குப் போன் எடுத்து ஏசினேன். உன் மணிக்கூடு பொய்க்காரன், நீயும் அதோடு சேர்ந்து என்னை நோயாளியாக்கப் பார்க்கிறாய் என்றேன். பிள்ளை போனை வைத்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துத் திரும்பவும் எடுத்தாள். இந்த முறை அழவில்லை.

"அப்பா, ஏசாமல் கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில அந்த அடிப்பு வாறேல்ல. நீங்கள் லீவு போட்ட அண்டைக்கும் வரேல்ல. வேலை நாளில மட்டும்தான் வருது. வேலையில என்ன செய்யிறீங்கள்?"

"கயிறு இழுக்கிறன். வேற என்ன?"

"அப்ப ஏன் இருந்தபடி இருக்கிறீங்கள் எண்டு காட்டுது?"

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். லாஞ்சில் இருந்தபடி வேலை செய்கிற ஆள் ஒருவர்தான். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் மணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கயிற்றைப் பார்க்காமல் நானாவைப் பார்த்தேன். பதினாலு வருசமாக எதிரே இருந்த மனிதன். குளிர்ந்த காற்றிலும் முகம் வேர்த்திருந்தது. சுக்கானை ஒரு கையால் பிடிக்கிறவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஜெட்டிப் படி ஏறும்போது நடுவில் நின்றார். அவர் அப்படி நிற்பது எங்களுக்குப் புதிது இல்லை. வட்டிலப்பம் தின்றது கூடிப்போச்சு என்று பகிடி பண்ணுவோம். அன்றைக்கும் ஒருவன் பண்ணினான். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. போன கிழமை அதே பகிடியைச் சொன்னவன் நான்.

மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போன பிறகு அவருடைய கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தேன். இருந்தபடி இருந்த மனிதனுக்கு நூற்றி நாற்பதுக்கு மேலே காட்டியது.

"என்ன தம்பி, நேரம் பாக்கிறியா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சொன்னது, டொக்டர் சொன்னது, ஞாயிற்றுக்கிழமை விசயம். அவர் ஆச்சரியப்படவே இல்லை. தெரியும் என்றார். நோன்புக்கு முதலே தெரியுமாம். வீட்டிலும் சொல்லவில்லையாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம் நானா. இப்பவே போவம்."

"போனா வேலைக்கு ஏலாதெண்டு எழுதித் தருவான். எழுதினா சுக்கானப் பறிப்பான். பொறகு நான் வாசல் கேட்டுல காவலுக்கு இருந்து கொட்டாவி விடுறதா?" அவர் என் மணிக்கூட்டை அவிழ்த்து என் கையில் வைத்தார். "இந்தச் சனியன இனி எனக்குத் தராத. இத ஒருத்தரிட்டயும் செல்லாத."

பிள்ளைகளே, எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நெஞ்சு நிற்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு, அது நிற்கிற வரைக்கும் சுக்கானில் இருக்கப் போகிறேன் என்று ஒரு மனிதன் சொல்லுகிறார். நடுக் கடலில், கப்பலுக்குக் கீழே அது நின்றால் லாஞ்சில் எங்கள் நாலு பேரின் கதையும் முடிந்தது. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. என் உயிருக்காகப் பேசுகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது.

மேலிடத்தில் போய்ச் சொல்லவும் எனக்கு வரவில்லை. ஒரு நாள் முழுக்க அதோடு திரிந்தேன். அடுத்த நாள் கோதுமைக் கப்பல் ஒன்று வந்தது. நானா இயந்திரத்தை ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் கையை நீட்டினார். மற்ற மூன்று பேரும் கழற்றப் போனார்கள். நான் என் மணிக்கூட்டைக் கட்டிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஜெட்டியில் இருந்துவிட்டேன்.

எங்கள் வழக்கம் அப்படி. மணிக்கூடு கையில் இருந்தால் கயிறு தொட ஏலாது. எங்கள் நானாவே யாரையும் தொட விடமாட்டார்.

"கழட்டு" என்றார்.

"ஏலாது. நீங்க ஆஸ்பத்திரிக்கு வாங்கோ, கழட்டுறன்."

மூன்று பேரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்குக் கேட்கத்தான் அடுத்ததைச் சொன்னேன். நானாவுக்கு நெஞ்சு சரியில்லை, மாதக் கணக்காக மறைத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது நானா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரைக்கும் மறக்கமாட்டேன். அவருடைய மானத்தை நடு ஜெட்டியில் அவிழ்த்துப் போட்டேன், உண்மை. வட்டிலப்பப் பகிடி சொன்னவன் பாதி அவிழ்த்த தன் மணிக்கூட்டைத் திரும்பக் கட்டினான். மற்ற இரண்டு பேரும் கட்டினார்கள். கப்பல் தூரத்தில் ஊதியது. ரேடியோவில் மேற்பார்வையாளர் கத்தினார், பிறகு தானே ஓடி வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார்.

நானா இயந்திரத்தை நிற்பாட்டினார். படியில் ஏறினார். நடுவில் நின்றார். அந்த நிற்றலை மேற்பார்வையாளரும் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. கப்பலை மற்ற லாஞ்சுக்காரர் கட்டினார்கள். நான் வேனில் நானாவுக்குப் பக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்க அவர் என் பக்கம் திரும்பவில்லை. போன உடனேயே அவரை வார்ட்டில் மறித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை என்று டொக்டர் அவருடைய மகனுக்குச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. எழுதிக் கொடுத்தார்கள், சுக்கானைப் பறித்தார்கள். இப்போது கேட்டில் ஒரு கதிரையில் இருந்து, வருகிறவர் போகிறவரின் நேரம் எழுதுகிறார். லாஞ்சில் மணிக்கூடுகளைப் போட ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம். புதிதாகச் சுக்கான் பிடிக்கிறவர் யாருடையதையும் கட்டிக்கொள்வதில்லை.

மூத்தவளே, நான் உன்னை ஏசியது பிழை. மணிக்கூடு பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் கட்டினால் எனக்குக் கோபம் வருகிறது, அதுதான் உண்மை. கொழும்பில் இருந்த நீ கண்டாய். மூன்று முழம் தூரத்தில் இருந்த நாங்கள் நாலு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். இந்தக் கோபம் ஆறட்டும், லீவு நாளில் கட்டுகிறேன். உனக்காக நடக்கவும் நடக்கிறேன்.

ஒவ்வொரு நாள் காலையும் கேட்டில் நானா நேரம் எழுதுகிற புத்தகத்தை என் பக்கம் தள்ளுவார். தலையை நிமிர்த்தமாட்டார். சலாம் சொன்னால் பதில் வரும், அது மார்க்கக் கடமை. அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை. நான் கையெழுத்து வைத்துவிட்டுப் போவேன். நாளைக்கும் கதைக்கமாட்டார். கதைக்காமல் இருக்கட்டும். அந்தக் கதிரையில் இருக்கட்டும்.