திருப்பி எழுதின சீலை

நாங்கள் சமைக்கிற குசினிக்கும் கடலுக்கும் நடுவில் முந்தி வலை காயப்போடுகிற வெளி இருந்தது. இப்போது இல்லை. காங்கேசன்துறைக்குக் கிழக்கே எங்கள் கரையில் கடல் வருசா வருசம் ஏறுகிறது. போன மாரியில் குசினிச் சுவர் வெடித்தது. அடுத்த மாரிக்கு முன் கரைக்குக் கல்லுப் போட்டால் குசினி நிற்கும். இல்லாவிட்டால் விழும்.

கல்லுக் கேட்டு ஊரோடு றோட்டை மறித்து இருந்தோம். புதுச் சீலை வாங்கி எழுத நேரமில்லை. இந்திய இழுவைப் படகுகளுக்கு எதிராக நாங்கள் வழமையாகப் பிடிக்கிற சீலையை என் மனுசன் எடுத்துவந்து, மற்றப் பக்கத்தில் எழுதினார். கடல் வீட்டைத் தின்னுது, கல்லுப் போடுங்கோ என்று. எழுத்து கோணல். ஆனால் வாசிக்கலாம்.

ரீவிக்காரர் வந்தார்கள். வெயில் முகத்தில் அடிக்குது என்று எங்களுக்குப் பின்னால் போய் நின்று படம் பிடித்தார்கள். ஒருவர் மைக்கை நீட்டினார். கடல் ஏறினது, கிணறு உவராய்ப் போனது எல்லாம் சொன்னேன்.

"அம்மா, கொஞ்சம் அழுது சொல்லுங்கோ."

"அழுதா கல்லு வருமோ, தம்பி?"

அவர் மைக்கை எடுத்துக்கொண்டு, மறிபட்டு நின்ற பஸ் பக்கம் போனார்.

பின்னேரச் செய்தியில் அந்த பஸ்தான் கனநேரம் வந்தது. வேலைக்குப் பிந்திவிட்டது என்று ஒருவர் ஏசினார். பிறகு நான் வந்தேன். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. பக்கத்து வீட்டு மச்சாள் சிரித்தாள். என் சத்தத்தை நிப்பாட்ட இப்படி ஒரு பெட்டி என் மனுசனுக்கு முந்தியே கிடைத்திருக்க வேணும் என்றாள்.

காலநிலை கெட்டுப்போச்சு என்று வேறு நாட்டுச் சனம் றோட்டில் இருக்கிறதையும் அந்த ரீவியில் பார்த்திருக்கிறேன். அதிலும் நிற்கிற வாகனம்தான் தெரியும். என்ன கேட்டார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை, கரைக்குக் கல்லுப் போடுகிற கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த ஐயா நல்ல மனுசன். கதிரை போட்டு இருத்தினார். செய்தி பார்த்தாராம். இழுவைப் படகு தன்ரை வேலை இல்லை, மீன்பிடிக் கந்தோருக்குப் போகச் சொன்னார்.

"நாங்கள் கேட்டது கல்லு, ஐயா," என்றார் என் மனுசன்.

ஐயா போனைத் திருப்பிக் காட்டினார். பின்னால் நின்று எடுத்த படம். இழுவைப் படகுக்கு எதிரான பழைய எழுத்துத்தான் பெரிதாய், வடிவாய்த் தெரிந்தது.

இந்த முறைக் கல்லு வேறு கரைக்குப் போய்விட்டது. வாற வருசம் பார்ப்பம் என்றார் ஐயா. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கடல் எடுக்க முதல் இவர் குசினிக் கூரை ஓடுகளைக் கழற்றி அடுக்கினார். நான் அடுப்பை முன்பக்கம் மாற்றினேன். காற்று அடிக்காமல் அந்தச் சீலையைத்தான் கட்டியிருக்கிறேன். எந்தப் பக்கம் வெளியே என்று பார்க்கவில்லை.