வெள்ளகோவில் மில்லில் நான் வைத்த பாலம்

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் ஒரு மாடியறைக் கம்பெனியில் நெட்வொர்க் போடும் வேலையில் இருந்தேன். வெள்ளகோவில் பக்கத்து நூல் மில் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மில்லில் பத்துக் கம்ப்யூட்டர், கோயமுத்தூர் ஆபீசில் ஆறு. இரண்டையும் இணைக்க வேண்டும். முடிந்ததும் என்னையே மில்லில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக மில் முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனி எந்த மாதம் மூடும் என்று அதன் ஓனருக்கே தெரியாது.

மில்லின் பழைய ஸ்டாக் சாஃப்ட்வேர், எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே ஒயரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் ரகம். வேறொரு நெட்வொர்க்குக்கு வழி கேட்டுப் போகத் தெரியாது. அதனால் இரண்டு முனையிலும் ரவுட்டர் வைத்து, வழிகாட்டும் வேலையைப் பிடுங்கிவிட்டு, அவற்றை வெறும் பாலமாக மாற்றினேன். நடுவில் இப்படி ஒரு பெட்டி இருப்பதே எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. பெட்டிக்கும் யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருகிற தகவலில் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்து, இவர் இந்தப் பக்கத்து ஆள் என்று தானே குறித்துக்கொள்ளும். பெறுபவரும் அதே பக்கம் என்றால் கடத்தாது. மறுபக்கம் என்றால் கடத்தும். யாரென்றே தெரியாவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாப் பக்கமும் அனுப்பிவைக்கும்.

மில்லில் முதல் நாலு நாள் மதியச் சாப்பாடு முதலாளியோடு ஒரே மேஜையில். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவார். ஐந்தாம் நாள் ரசத்துக்கு வரும்போது எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தோட்டம் எந்தப் பக்கம் என்றார். எங்கள் பக்கத்தில் சாதியைக் கேட்காமல் கேட்கும் விதம் அது. அங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"தோட்டமெல்லாம் இல்லீங்க. எங்கப்பா பண்ணையத்துல ஆளா இருந்தாருங்க."

"அப்படீங்களா," என்றார். மோர் ஊற்றச் சொன்னார். முகம் மாறவில்லை. மறுநாள் என் சாப்பாடு பொட்டலமாகக் கம்ப்யூட்டர் அறைக்கே வந்தது. வேலை கெடக்கூடாது என்று முதலாளி சொன்னாராம். பேச்சில் மட்டும் மரியாதை ஒரு சொல்கூடக் குறையவில்லை. அதுதான் இன்றுவரை எரிகிறது. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

வேலை முடிந்த அன்று, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஆள் வந்தது. எனக்கு வேலை கொடுக்க அல்ல. அந்த வேலையில் சேர்ந்துவிட்ட அவருடைய சொந்தக்காரருக்கு நான் பெட்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமாம். கம்பெனி அனுப்பியது, போய்த் தொலைந்தேன். புதியவர் நல்ல மனுசர். அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டார்.

"ஏனுங்க, இங்க இருக்கற கம்ப்யூட்டரத் தூக்கிக் கோயமுத்தூர்ல வெச்சா, இது பழசையே புடிச்சுட்டு நிக்குங்களா?"

"நிக்காதுங்க. அங்கிருந்து ஒருக்கா பேசுனாப் போதும், பழசை அழிச்சுப்போட்டு அந்தப் பக்கத்து ஆளுன்னு எழுதிக்கும். பேசாமக் கெடந்தாலும் அஞ்சு நிமிசத்துல மறந்துரும்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்பா பண்ணையத்தை விட்டு வந்து இருபது வருடம், செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் நின்ற பக்கத்திலேயே என்னையும் எழுதி வைத்திருந்தார்கள்.