மிசஸ் போட்டுக் கூப்பிட்ட நாள்

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறைக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் வந்தவர்களை உள்ளே அனுப்பும்போது மட்டும் மிஸ்டர், மிசஸ், மிஸ் போடாமல் கூப்பிட மாட்டாள். பால் பல் ஆடுகிற வாண்டுகூட, மிஸ்டர் என்றதும் அழுகையை விழுங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்.

"வலியோட வர்றவங்களுக்கு மரியாதையாவது கொடுப்போமே" என்பாள் டாக்டரிடம்.

அதே வாய்தான், அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாளை இத்தனை வருஷமாக "இந்தா" என்று கூப்பிட்டது.

ஒருநாள் அந்த அம்மாளே கன்னம் வீங்கி, வாசலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் வரவேற்பறைக்காரி பழக்கதோஷத்தில் பெயருக்கு முன்னால் மிசஸ் போட்டுக் கூப்பிட்டுவிட்டாள். வேறு யாரையோ என்று அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உங்களைத்தான், வாங்க" என்றாள் வரவேற்பறைக்காரி.

மறுநாள் காலையில் அம்மாள் மருமகளோடு வந்து நின்றாள்.

"இவங்களுக்கும் பல்வலியா?"

"அதெல்லாம் இல்ல. நேத்து என்னைக் கூப்பிட்டீங்களே, அதே மாதிரி இவ முன்னாடி ஒருதடவை கூப்பிடுங்க."

வரவேற்பறைக்காரி நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.